சென்னையில் சின்னக் குழந்தையையும் வயதான அம்மாவையும் சேர்த்து மாலையில் அழைத்துப்போக எந்தப் பூங்கா நல்லது?

உங்கள் நிலைமைதான் எங்கள் வீட்டிலும். மகளுக்கு நான்கு வயது. மாமியாருக்கு முழங்கால் வலி. இருவரையும் கூட்டிக்கொண்டு வாரத்தில் மூன்று நாளாவது நான் போவது மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் இருக்கும் நாகேஸ்வரராவ் பூங்காவுக்கு. அதையே உங்களுக்கும் சொல்வேன்.

பரப்பளவு சுமார் நான்கு ஏக்கர்தான். அதுதான் அதன் நல்ல குணம். செம்மொழிப் பூங்கா இருபது ஏக்கர், அழகுக்குக் குறைவே இல்லை. ஆனால் அங்கே குழந்தை ஒரு பக்கம் ஓட, பெரியவர் இன்னொரு பக்கம் உட்கார, நடுவில் நாம் அல்லாட வேண்டியிருக்கும். இங்கே ஊஞ்சல் பக்கம் நின்றுகொண்டே பெஞ்சில் இருக்கும் அத்தையையும் பார்த்துக்கொள்ளலாம். உள்ளே போகக் காசு கிடையாது. நிழலுக்கும் குறைவில்லை.

அத்தை முதலில் வரவே மாட்டேன் என்றார். "குழந்தை விளையாடற இடத்துல எனக்கு என்ன வேலை?" என்று கேட்டார். சரி, இரண்டு நாள் வந்து பாருங்கள் என்று கூட்டிப்போனேன். மூன்றாவது வாரமே அவருக்கென்று ஒரு பெஞ்சும், அதில் நான்கு தோழிகளும் அமைந்துவிட்டார்கள். இப்போது நாலரை மணிக்கே புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறார். அவர் கைப்பையில் எப்போதும் ஒரு அமிர்தாஞ்சன் இருக்கும். அதை 1893-இல் தொடங்கியவர் பெயர்தான் இந்தப் பூங்காவுக்கு என்று சொன்னபோது அவருக்கு அவ்வளவு சந்தோஷம். காசிநாதுனி நாகேஸ்வரராவ் பந்துலு சுதந்திரப் போராட்டக்காரர், 'ஆந்திர பத்திரிகா' என்ற தெலுங்குப் பத்திரிகையை நடத்தியவர். 1937-இல் ஆந்திரத் தலைவர்கள் கூடி, தனி ஆந்திர மாநிலத்துக்காக ஸ்ரீபாக் ஒப்பந்தம் செய்துகொண்டதும் மயிலாப்பூரில் இருந்த அவர் வீட்டில்தான். அத்தை இதையெல்லாம் மறுநாளே பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டார்.

ஊஞ்சலுக்குக் காத்திருக்கும் குழந்தைகளுக்குள் ஒரு கணக்கு உண்டு. இருபது எண்ணும்வரை ஆடலாம், அப்புறம் இறங்கிவிட வேண்டும். என் மகள் பதினான்குக்கு அடுத்து பதினாறுக்குத் தாவிவிடுவாள். பின்னால் நிற்கும் பையன் அவளோடு சேர்ந்து சத்தமாக எண்ணி, "பதினஞ்சு விட்டுட்ட" என்று மறுபடி பதினான்கிலிருந்து ஆரம்பித்து வைப்பான். தன் முறை தள்ளிப்போகிறதே என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. வீட்டில் நான் எவ்வளவு சொல்லியும் வராத பதினைந்து, இப்படித்தான் அவளுக்கு வந்தது.

இன்னொன்றையும் தவறவிடாதீர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு வழக்கமாகக் குழந்தைகளின் கச்சேரி நடக்கும். மைக் கிடையாது. பத்து வயதுப் பெண் ஒருத்தி தொடையில் தாளம் போட்டபடி பாடுவாள். நடுவே காக்கை கரையும், அவள் கண் ஒரு தடவை அம்மாவைத் தேடிவிட்டுத் திரும்பும், பாட்டு நிற்காது. பெரிய சபாக்களில் கைக்குழந்தையோடு உட்காரவே பயப்படும் எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய கொடை. குழந்தை பாதியில் எழுந்து ஓடினாலும் யாரும் திரும்பி முறைப்பதில்லை.

எந்தப் பூங்காவுக்குப் போனாலும் ஒன்றைக் கவனியுங்கள்: கோடையில் ஐந்து மணிக்கு முன்னால் சறுக்குமரத்தில் ஏற்றாதீர்கள். வேறொரு பூங்காவில் ஏப்ரல் மாதம் நாலே காலுக்கு என் மகளை ஏற்றிவிட்டேன். இரும்புத் தகடு, தொடை சிவந்து, அன்று ராத்திரி முழுக்க அழுதாள். அதற்கப்புறம் என் உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ணிப் பார்க்காமல் ஏற்றுவதில்லை. மழை பெய்த மறுநாள் ஊஞ்சல் பலகையைத் துடைக்க ஒரு பழைய துண்டு எடுத்துப்போங்கள். இருட்டத் தொடங்கினால் கொசு வரும், குழந்தைக்கு முழுக்கால்சட்டை நல்லது.

முதல் தடவை வார நாளில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை ஊஞ்சல் வரிசை நீளம். பழக்கமில்லாத குழந்தை மிரண்டுவிடும். மெட்ரோ வேலையால் லஸ் முனையில் நெரிசல் இருப்பதால் அம்மாவை நடக்கவிடாமல் ஆட்டோவிலேயே பூங்கா வாசல்வரை அழைத்துப் போய்விடுங்கள்.