காக்ளியர் கருவி: அமைதியிலும் 'ம்ம்ம்' என்று கேட்டால்

காக்ளியர் கருவி (உள்காதில் மின்முனைகள் வைத்துக் கேட்க வைக்கும் கருவி) போட்டபின், அறை நிசப்தமாக இருந்தும் 'ம்ம்ம்' என்று விடாமல் கேட்கிறது என்கிறீர்கள். பெரும்பாலும் மேப்பிங்கில் (கருவியின் மின்னளவுகளை அவரவருக்கு ஏற்றபடி அமைப்பதில்) டி லெவல், அதாவது ஒலி கேட்கத் தொடங்கும் மின்னளவு, கூடுதலாக வைக்கப்பட்டிருக்கும். ஒரு மின்முனைக்கு நொடிக்கு 900 மின்துடிப்பு என்பது பல கருவிகளில் வழக்கமான வேகம். அவை தனித்தனியாகக் கேட்காது. அளவு மிஞ்சினால் ஒரே ரீங்காரமாகிவிடும்.

1. முதலில் ஃபேன், ஃபிரிட்ஜை நிறுத்துங்கள். என் மகனுக்குக் கேட்டது ஃபிரிட்ஜ்தான். புது மேப் போட்ட வாரம் முழுக்க அதன் கதவில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே நிற்பான்.

2. பிறகும் கேட்டால் தலையிலுள்ள காயிலை (காந்தத்தால் ஒட்டியிருக்கும் வெளிப்பகுதியை) எடுங்கள். உடனே நின்றால் பெரும்பாலும் மேப்பிங்தான் காரணம். நிற்காவிட்டால் காது இரைச்சலாக இருக்கலாம்.

டி லெவலை ஆடியாலஜிஸ்ட்தான் (கேட்டல் நிபுணர்) குறைக்க வேண்டும். ரொம்பக் குறைத்தால் மெல்லிய பேச்சு காணாமல் போய்விடும். வலியோ முகத்தில் துடிப்போ வந்தால் காயிலைக் கழற்றிவிட்டு அன்றைக்கே அவரைக் கூப்பிடுங்கள்.