பிசிக்ஸ் படித்துவிட்டு மூச்சை ஆராய முடியுமா?

அம்மா, வணக்கம்.

சனிக்கிழமை நீங்கள் கிளம்பிப் போன பிறகும் உங்கள் பெண்ணின் நோட்டுதான் மனதில் நின்றது. மூச்சை அடக்கி, செல்போனில் நொடி பார்த்துக் குறித்திருக்கிறாள்: 41, 44, 43. அடுத்த வரியில், பலமுறை ஆழமாக மூச்சு வாங்கிவிட்டு அடக்கியபோது 70. பக்கத்தில் "ஆக்சிஜன் அதிகமாக ஏறியதாலா?" என்று எழுதி, அதை அடித்துவிட்டு, "கார்பன் டை ஆக்சைடு குறைந்ததாலா?" என்று கேட்டிருக்கிறாள். அந்த அடித்த வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். மூச்சு விடு, விடு என்று உள்ளிருந்து நெருக்குவது பெரும்பாலும் ஆக்சிஜன் பற்றாக்குறை அல்ல. ரத்தத்தில் ஏறும் கார்பன் டை ஆக்சைடுதான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அந்த இடத்துக்கு வந்திருக்கிறாள். (இந்த விளையாட்டைக் கிணற்றிலோ குளத்திலோ செய்யவே கூடாது என்று கண்டித்துச் சொல்லுங்கள். தண்ணீருக்குள் திடீரென்று நினைவு தப்பிவிடும்.)

நீட்டில் கட்ஆஃப் வரவில்லை. பிஎஸ்சி பிசிக்ஸ் சீட் கையில் இருக்கிறது. இவளோ மூளை மூச்சை எப்படி நடத்துகிறது என்று ஆராயப்போகிறேன் என்கிறாள். டாக்டருக்குப் படிக்காமல் அது நடக்குமா, இன்னொரு வருடம் கோச்சிங் போடலாமா என்பது உங்கள் கேள்வி.

அமெரிக்காவில் ஜாக் ஃபெல்ட்மன் என்று ஒரு விஞ்ஞானி. சிகாகோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியது பிசிக்ஸில். மூச்சின் தாளம் மூளையில் எங்கே பிறக்கிறது என்று 1991இல் காட்டிய குழுவை நடத்தியவர் அவர்தான். பிறந்து சில நாளே ஆன எலிக்குட்டியின் மூளைத்தண்டை எடுத்து, திரவத்தில் உயிரோடு வைத்து, மெல்லிய சீவல்களாக அறுத்துக்கொண்டே வந்தார்கள். நரம்பில் மூச்சுத் தாளம் ஓடிக்கொண்டே இருந்தது. குறிப்பிட்ட ஓர் இடத்தில் கத்தி பட்டதும் அடங்கிவிட்டது. பிறகு அந்த இடத்தை உள்ளடக்கிய, ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத ஒரே சீவலை மட்டும் வைத்துப் பார்த்தார்கள். நுரையீரல் இல்லை, உடம்பே இல்லை. ஆனாலும் நாக்குக்குப் போகும் நரம்பின் வேரில் தாளம் விட்டுவிட்டுத் துடித்தது. அந்த இடத்துக்குப் பெயர் பிரீபோட்ஸிங்கர். பக்கத்துப் பகுதிக்கு ஏற்கெனவே ஒரு ஜெர்மன் ஒயினின் பெயரை வைத்திருந்தார்கள். அதை ஒட்டியே இதற்கும்.

சில ஆயிரம் செல்கள் சேர்ந்து எப்படி ஒரே தாளத்தில் துடிக்கின்றன என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை. அது பாதிக்கு மேல் கணக்கு. உங்கள் பெண்ணுக்கு வராத பாடமா அது?

மருத்துவம் படித்து இதற்குள் வந்தவர்களும் உண்டு. நம் நாட்டின் ஏ.எஸ். பைந்தல் லக்னோவில் எம்பிபிஎஸ் முடித்தவர். நுரையீரலில் நீர் கோத்தால் மூச்சை மேலோட்டமாக, வேகமாக வாங்க வைக்கும் நரம்பு முனைகளை 1955இல் கண்டறிந்தார். பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் தலைமைப் பொறுப்புக்கும் வந்தார். ஆக, கதவு இரண்டு. ஒன்று மூடியிருக்கிறது என்பதற்காக வாசலிலேயே ஒரு வருடம் உட்கார வேண்டியதில்லை என்பது என் கருத்து.

"இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று அவள் அப்பா கேட்டாரே, அது நியாயமான கேள்வி. மார்ஃபின், ஃபென்டனில் போன்ற கடும் வலிநிவாரணிகள் அளவு மீறினால் உயிர் போவது மூச்சு அடங்கித்தான். அந்த மருந்துகள் பற்றிக்கொள்ளும் செல்கள் இந்த பிரீபோட்ஸிங்கரிலும் இருக்கின்றன. குறைமாதக் குழந்தைகள் அடிக்கடி மூச்சை நிறுத்திவிடும். அவர்களுக்குக் காபியில் உள்ள அதே கஃபீனைத்தான் மருந்தாகக் கொடுக்கிறார்கள்.

இனி பணம். இதில் பூசி மெழுக மாட்டேன். பிஎஸ்சி, எம்எஸ்சி, அதற்கு மேல் ஐந்தாறு வருடம் பிஎச்டி. மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் நடத்தும் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் வரும். நிரந்தர வேலைக்கு முப்பது வயது தாண்டலாம், இடங்களும் குறைவு. சீக்கிரம் சம்பாதித்தே ஆக வேண்டும் என்ற நிலை வீட்டில் இருந்தால் இப்போதே சொல்லுங்கள். ரெஸ்பிரேட்டரி தெரபி பட்டப்படிப்பைப் பார்க்கலாம். அது ஐசியூவில் வென்டிலேட்டரோடு நிற்கும் வேலை. நல்ல வேலைதான், ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு அது பதில் ஆகாது.

பிசிக்ஸில் சேர்ந்தால் அலைடு கணிதத்தை ஒப்புக்குப் படிக்க வேண்டாம். பைத்தான் என்ற கணினி நிரல் மொழியைக் கற்றுக்கொள்ளட்டும். பிளஸ் டூ உயிரியல் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். இரண்டாம் ஆண்டில் அறிவியல் அகாதமிகளின் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கட்டும்; கிடைத்தால் இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் உட்காரலாம். பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் கழகம் (ஐஐஎஸ்சி), தேசிய உயிரியல் அறிவியல் மையம் (என்சிபிஎஸ்), ஹரியானா மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் மூன்றையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு மாதத்தில் சலித்துப்போனால் எம்எஸ்சியைப் பிசிக்ஸிலேயே தொடரலாம். ஒரு நாளும் வீணாகாது.

கல்லூரிக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி எது என்று பார்த்துச் சொல்லுங்கள். அடுத்த முறை வரும்போது நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். படியேறி இறங்கிய பிறகு மூச்சை அடக்கினால் எத்தனை நொடி வருகிறது என்று அவள் இன்னும் பார்க்கவில்லை.