தோப்பு விற்ற பணம்: மகளின் வீட்டுக்கு மொத்தமாகக் கட்டலாமா?

கேள்வி: எனக்கு 61 வயது, ஊர் கொழிஞ்சாம்பாறை. மனநல சிகிச்சை பெறும் மகளுக்கு 34 வயது. நான்கு வருடமாக நன்றாக இருக்கிறாள். பாலக்காட்டில் ஒரு வாடகை வீட்டில் இன்னும் மூன்று பெண்களோடு இருக்க ஆசைப்படுகிறாள். உதவிக்கு ஒரு பெண் உண்டு, மாதம் 11,000 ரூபாய். வேறொரு இல்லத்தில் ஒரே தடவை 15 லட்சம் கட்டினால் ஆயுளுக்கும் பார்த்துக்கொள்வார்களாம். தோப்பு விற்ற 26 லட்சம் கையில் இருக்கிறது. என் செலவுக்குக் குடும்ப ஓய்வூதியம் போதும். மகன் கோவையில். என்ன செய்யலாம்?

பதில்: 15 லட்சத்தைக் கட்டிவிடாதீர்கள் அம்மா. உங்களுக்கு அப்புறம் யார் என்ற பயம் புரிகிறது. ஆனால் உங்கள் மகள் தேறி வருகிறவர். இன்று கூடவே ஆள் வேண்டும். நாளை வாரம் ஒருமுறை யாராவது எட்டிப் பார்த்தாலே போதும் என்றாகலாம். கட்டிய பணம் அவரோடு இடம் மாறாது. அந்த இல்லத்தின் ரசீதில் 'வைப்புத்தொகை' என்று போடுவார்களா, 'நன்கொடை' என்றா? என்னிடம் வந்த ஒரு குடும்பத்தின் ரசீதில் நன்கொடை என்றுதான் இருந்தது. எட்டே மாதத்தில் பெண்ணை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். ஒரு பைசா திரும்பவில்லை.

மகள் கேட்பது விபரீதமான ஆசையும் இல்லை. சென்னையின் 'தி பேன்யன்' என்ற மனநல அமைப்பு 2015 முதல் இப்படிச் சிகிச்சை பெற்றவர்களை நாலைந்து பேராகச் சாதாரணத் தெருவில் வாடகை வீடு பிடித்துக் குடிவைக்கிறது.

அதே 15 லட்சத்தை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய் வரும், அதாவது மாதம் 10,250. கைக்காசு 750 போட்டால் சரி. அசலும் உங்களுடையதாகவே இருக்கும். 3 லட்சம் ஆஸ்பத்திரி அவசரத்துக்கு. மீதி 8 லட்சத்தின் வட்டியைத் தொடாதீர்கள், வாடகை ஏறும்போது தேவைப்படும்.

அப்புறம் உயில். எல்லாவற்றையும் மகன் பெயருக்கு எழுதி 'அக்காவைப் பார்த்துக்கோடா' என்று சொல்வதுதான் நம் வழக்கம். பையன் தங்கமாகவே இருக்கட்டும். அவர் கடனில் விழுந்தால் அக்காவின் பணமும் சேர்ந்து போகும். உயிலிலேயே மகளுக்கென ஒரு தனி அறக்கட்டளை, அதாவது அவர் செலவுக்கு மட்டும் பணத்தை ஒதுக்கி வைக்கும் ஏற்பாடு செய்து, மகனையும் வெளியாள் ஒருவரையும் அறங்காவலர்களாகப் போடுங்கள்.

மாதச் செலவுக்கு மகள் பெயரிலேயே வங்கிக் கணக்கு இருக்கட்டும், பாஸ்புக் அவர் கையில். மனநோய் இருந்தது என்பதை மட்டும் வைத்து ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ளக் கூடாது, அதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும் என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். கவுன்ட்டரில் யாராவது முகம் சுளித்தால் இதைச் சொல்லுங்கள்.

ஒன்று நீங்கள் எழுதவில்லை: அந்த 11,000-இல் மாத்திரைச் செலவும் அடக்கமா? மகளிடம் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும்.