நாலு யூனிட் கூடினதுக்கு 650 ரூபாவா?

உப்புவெளியிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: "வீட்டில் மூன்று பேர். ஒரு ஃபிரிட்ஜ், இரண்டு ஃபேன், கிணற்று மோட்டர், அவ்வளவுதான். போன பில் 60 யூனிட், 600 ரூபா. இந்த முறை 64 யூனிட், 1,270 ரூபா. தனியார் மின் நிலையங்களோடு செய்த நீண்டகால ஒப்பந்தங்களின் சுமையை எங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்று அண்ணா சொல்கிறார். சோலார் விற்க வரும் தம்பியோ லீசிங்கில் 5 கிலோவாட் போட்டால் இனிப் பில்லே வராது என்கிறார். சம்பூரில் சோலார் வந்தால் திருகோணமலைக்குக் குறையும் என்றும் பேச்சு. நான் என்ன செய்ய?"

அக்கா, முதலில் அந்தத் தம்பி நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அண்ணா சொல்வது பொய்யில்லை. பிள்ளைக்கு ஸ்கூல் வான் மாத வாடகைக்குப் பேசினால், பிள்ளை காய்ச்சலில் படுத்தாலும் வாடகை கொடுக்கத்தான் வேண்டும் அல்லவா? பெரிய மின் நிலையங்களோடு செய்யும் நீண்டகால ஒப்பந்தங்களும் பெரும்பாலும் அப்படித்தான். நிலையம் ஓடத் தயாராக இருந்தாலே ஒரு தொகை, ஓடினால் எரிபொருளுக்கு வேறு. அந்தத் தொகையில் பெரிய பங்கு டொலரோடு கட்டப்பட்டிருக்கிறது, 2022இல் ரூபா விழுந்தபோது ஒப்பந்தத்தில் யாரும் ஒரு எழுத்துக்கூட மாற்றாமலே சுமை ஏறியது அதனால்தான். கெரவலப்பிட்டியில் 2010இல் முழுதாக ஓடத் தொடங்கிய 300 மெகாவாட் நிலையத்தைப் பாருங்கள், திரவ இயற்கை வாயு வரும், மலிவாக ஓடும் என்று சொல்லிக் கட்டினார்கள், வாயு வரவில்லை, இன்றுவரை எண்ணெயில்தான் ஓடுகிறது. வருடக்கணக்கில் கட்டணத்தைத் தொடாமல் வைத்திருந்துவிட்டு 2022 ஓகஸ்ட்டில் 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம் என்று ஏற்றினார்கள். நாட்டு மக்கள் யாரும் பார்த்திராத தாளில் யாரோ போட்ட கையெழுத்துக்கு உப்புவெளியில் ஒரு வீடு மாதாமாதம் கட்டுகிறது. இதைச் சொல்லச் சொல்ல எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆனால் உங்கள் 600 ரூபா 1,270 ஆனதற்கு அது நேர்க் காரணம் இல்லை. அது 60ஆம் யூனிட் செய்த வேலை.

2025 ஜூன் கட்டணப்படி ஒரு மாதத்தில் 60க்குள் நின்றால் முதல் 30 யூனிட்டுக்கு 4.50, அடுத்த 30க்கு 8 ரூபா, நிலையான கட்டணம் 210. மொத்தம் 585, வரி தனி. 60ஐத் தாண்டிவிட்டால் அந்த மலிவு விலை முழுதாகப் போய்விடும், முதல் யூனிட்டிலிருந்தே 12.75. 60க்கு மேல் போனதற்கு 18.50. நிலையான கட்டணம் 400. 64 யூனிட்டுக்குக் கணக்குப் போட்டால் வரி இல்லாமல் 1,239. நாலு யூனிட்டுக்கு 654 ரூபா! கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் இரவு முழுக்க ஃபேன் ஓடாமல் யாரால் படுக்க முடியும்? அந்த ஒரு ஃபேனே உங்களை 60க்கு மேலே தள்ளிவிடும். 90இலும் இதே மாதிரி ஒரு பள்ளம், அங்கே நிலையான கட்டணம் ஒரேயடியாக 400இலிருந்து 1,000 ஆகிறது.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், பத்துப் பேரில் ஒன்பது பேர் இதைப் பார்ப்பதே இல்லை. அந்த 60 என்பது 30 நாளுக்கான 60. மீற்றர் பார்ப்பவர் 33 நாள் கழித்து வந்தால் உங்கள் எல்லை 66 ஆக நீளவேண்டும், 27 நாளில் வந்தால் 54 ஆகச் சுருங்கும். பில் துண்டில் போன முறை வாசித்த திகதியும் இந்த முறை வாசித்த திகதியும் சின்ன எழுத்தில் இருக்கும். விரல்விட்டு எண்ணுங்கள். உங்கள் 64 யூனிட் 33 நாளுக்கு உரியது என்றால் நீங்கள் எல்லைக்குள்தான் நிற்கிறீர்கள், பில் 600ஐ ஒட்டித்தான் வந்திருக்க வேண்டும், 1,270 போட்டிருந்தால் பிழை. 30 நாளென்றால் பில் சரி. 29 நாளென்றாலும் எல்லையைத் தாண்டித்தான் நிற்கிறீர்கள், ஏனென்றால் அப்போது எல்லையே 58. படலை பூட்டியிருந்தது, நாய் நின்றது என்று வாசிக்காமல் போய் உத்தேசமாக ஒரு எண் போட்டிருந்தால் அது வேறு கதை, அடுத்த உண்மையான வாசிப்பில் முழு நாட்களையும் சேர்த்துக் கணக்கிட்டார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் இரண்டு பில்லையும் மீற்றரின் ஃபோன் படத்தையும் கொண்டு போய் உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். கடை, ஹோட்டல், கோயில் கட்டணமெல்லாம் வேறு, அதை இங்கே இழுக்கவில்லை.

இதே 60 யூனிட் பள்ளத்தைக் காட்டித்தான் ஊரில் சிலர் பிழைக்கிறார்கள். "வீட்டை இரண்டாகக் காட்டி இன்னொரு மீற்றர் எடுத்துத் தருகிறேன், மேலே கொஞ்சம் கொடுங்கள்" என்பார் ஒருவர். "மீற்றரை மெதுவாக ஓட வைக்கிறேன்" என்பார் இன்னொருவர். இரண்டாவது ஆள் செய்வது களவு. பிடிபட்டால் நீதிமன்றம் போவது நீங்கள், அவர் ஃபோனை நிறுத்திவிடுவார்.

இப்போது சோலார் தம்பியிடம் வருவோம். 5 கிலோவாட் நம் வெயிலுக்கு மாதம் 550, 600 யூனிட் தரும். உங்கள் வீட்டுக்குத் தேவை 64. அப்படியென்றால் அவர் விற்பது பில் குறைப்பு இல்லை, மிச்சக் கரண்டை மின்சார சபைக்கு விற்கும் 20 வருட வியாபாரம். கூரைச் சோலாருக்கு மின்சார சபை கொடுத்த விலை 2022இல் யூனிட்டுக்கு 37 ரூபா வரை போனது, 2024இல் 27, 2025இல் சின்ன வீட்டுக்கே 21க்குக் கொஞ்சம் கீழே. அந்த 2025 விலையில் 600 யூனிட்டுக்கு 12,500 வரும். லீசிங் தவணை எவ்வளவு? அதை அவர் உங்களிடம் சொன்னாரா?

போன வருடம் உவர்மலையில் ஒரு அம்மா கூப்பிட்டு, "பனல் பழுதாகிவிட்டது தம்பி, வருமானம் இறங்கிவிட்டது" என்றார். ஏறிப் பார்த்தேன், பனல் நன்றாக இருந்தது. பனலைத் தாங்கும் சட்டத்தின் போல்ட்டுகள்தான் உப்புக்காற்றில் கறுத்து, தொட்டால் துரு கையோடு வந்தது. வருமானம் குறைந்ததற்குக் காரணம் அலுமாரியில் இருந்தது. அவர் 2017இல் எழுதிய ஒப்பந்தத்தில் முதல் ஏழு வருடம் யூனிட்டுக்கு 22 ரூபா, மிச்சப் பதின்மூன்று வருடமும் 15.50. ஏழு வருடம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். விற்ற ஆள் எழுதிக் கொடுத்த கணக்குத் தாளில் இருபது வருடத்துக்கும் 22 என்றே போட்டிருந்தது. அதைவிடக் கொடுமை, இன்னொருவர் வந்து பனலை மாற்றவேண்டும் என்று முற்பணமும் வாங்கிப் போயிருந்தார். ஒப்பந்தத்தில் வரும் முக்கியமான இரண்டு வரியைத் தமிழில் பெரிய எழுத்தில் போடவேண்டும் என்று ஒரு விதி கொண்டுவர யாருக்கு என்ன கஷ்டம்?

இன்னொன்று. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நாட்டில் மின்பாவனை குறைந்தபோது கூரைச் சோலாரைப் பகலில் மூன்று மணிவரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கேட்டது. பெரிய நிலையத்துக்கு ஓடாவிட்டாலும் வாடகை உண்டு. உங்கள் கூரைக்கு அப்படி எதுவும் இல்லை, நிறுத்தினால் அன்றைய வருமானம் போச்சு, லீசிங் தவணை மட்டும் நிற்காது.

சம்பூர் பற்றி: 500 மெகாவாட் நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது, 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சோலாருக்கு வேலை தொடங்கி வைத்தார்கள். நிலக்கரியை விட ஆயிரம் மடங்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் அந்த மின்சாரம் நாட்டு வலையமைப்புக்குப் போகிறது, வீட்டுக் கட்டணமும் நாடு முழுக்க ஒன்றுதான். சம்பூர்க் காணியில் விளையும் கரண்டுக்கு பக்கத்து மூதூர்க்காரரும் தெற்கே மாத்தறைக்காரரும் ஒரே விலைதான் கொடுப்பார்கள். அதை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

அண்ணாவிடமும் ஒன்று சொல்லுங்கள். கட்டணத்தை மாற்றுமுன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களிடம் கருத்துக் கேட்கும், தமிழில் எழுதி அனுப்பலாம், மாகாணங்களில் நேரில் பேசவும் இடம் கொடுப்பார்கள். ஓடாத நிலையத்துக்கு எவ்வளவு கட்டினீர்கள் என்று அங்கே கேட்கட்டும்.

நீங்கள் இன்று செய்யவேண்டியது, பில்லில் நாட்களை எண்ணுவது. பிறகு மீற்றர் வாசித்த நாளிலிருந்து இருபதாம் நாள் மீற்றரைப் பாருங்கள், பில்லில் உள்ள வாசிப்பைக் கழித்து 40க்கு மேல் போயிருந்தால் கிணற்று மோட்டரையும் அயன் பெட்டியையும் கொஞ்சம் இறுக்கிப் பிடியுங்கள். ஃபிரிட்ஜ் கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள், சுகமாக வந்தால் ரப்பரை மாற்றுங்கள். அந்தத் தம்பி திரும்ப வந்தால் ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதியையும் எட்டாம் வருட விலையையும் கேளுங்கள், இரண்டும் கையில் வரும்வரை படலையைத் திறக்கவேண்டாம்.