தவில் அடிக்கிற யானைக்கு குச்சி எங்க?

போன மாசம் இந்தப் பக்கத்துல ஒரு சவால் விட்டிருந்தேன், ஞாபகம் இருக்கும். முப்பது நாள், தினம் ஒரு மிருகம், அது கையில ஒரு வாத்தியம், போஸ்ட்கார்டு சைஸ் பேப்பர், அவ்ளோதான். சும்மா ஜாலிக்குன்னு சொன்னதுக்கு இத்தனை லெட்டர் வரும்னு நெனைக்கல. கொஞ்சம் கேள்விகளுக்கு இந்த வாட்டி பதில்.

என் எட்டு வயசுப் பொண்ணு யானையோட தும்பிக்கையையே நாதஸ்வரமா மாத்தி வரைஞ்சிட்டா, பாக்கவே சிரிப்பு வருது. நான் அதே யானையை வாட்டர்கலர்ல ஒழுங்கா வரைஞ்சா ஒட்டவே இல்ல. ஏன்?
– வாசகி, கும்பகோணம்

நீங்க அனுப்பின போட்டோ பாத்தேன். யானை பிரமாதம், தோல் சுருக்கம் வரைக்கும் போட்டிருக்கீங்க, ஆனா கையில இருக்கிறது நாதஸ்வரம் இல்லம்மா, கல்யாண பேண்டு செட் டிரம்பெட் மாதிரி ஏதோ ஒண்ணு. இந்த மாதிரி படத்துல மிருகத்தைக் கொஞ்சம் கோணலா வரைஞ்சாலும் மன்னிச்சிடலாம், வாத்தியத்துல ஏமாத்தினா காமெடி செத்துடும். நம்ம ஊர்க்காரங்களுக்கு நாதஸ்வரம் கண்ணுலயே இருக்கு பாருங்க. மேல வாயில வெச்சு ஊதுற சீவாளி, விரல் வைக்க ஏழு துளை, அதுக்குக் கீழ மெழுகு வெச்சு சுருதி சரி பண்ற அஞ்சு துளை, கடைசியில புனல் மாதிரி அகலமா விரியுற அனசு, கூடவே தொங்குற உபரி சீவாளிக் கொத்து. அந்தக் கொத்தை மட்டும் வரைஞ்சு பாருங்க, யானை உடனே வித்வான் ஆயிடும்.

இன்னொரு சிக்கல், சீவாளி வாய்க்குள்ள போகணும், யானைக்கு வாய் தும்பிக்கைக்குக் கீழ இருக்கு, அப்ப தும்பிக்கையை எங்க வைக்கிறது? நான் ரெண்டு நாள் மண்டைய உடைச்சிட்டு நாதஸ்வரத்தை விட்டுட்டு தவிலுக்குத் தாவிட்டேன். தவில்ல ஒரு பக்கம் குச்சி, இன்னொரு பக்கம் விரல்ல கூடு மாட்டி அடிப்பாங்க இல்லையா, குச்சியைத் தும்பிக்கையில குடுத்துட்டு முன்னங்கால் நகம் அஞ்சுலயும் வெள்ளை வெள்ளையா கூடு மாட்டி விட்டேன். அப்படியே உக்காந்துக்கிச்சு. உங்க பொண்ணு படத்தைத் திருத்தாதீங்க, அது அப்படியே இருக்கட்டும்.

எங்க மாமா "கழுதை வீணை வாசிக்குதா, இதெல்லாம் வெள்ளக்காரன் கார்ட்டூன் பாத்து வந்த பழக்கம்"னு கிண்டல் பண்றார். என்ன சொல்லலாம்?
– வாசகர், மதுரை

கழுதைன்னே கேட்டீங்க பாருங்க! ஈராக்ல ஊர்னு ஒரு பழைய சுமேரிய நகரம் (பேரே ஊர்தான்), அங்க லியோனார்ட் வூலிங்கிற தொல்லியல் ஆராய்ச்சியாளர் தோண்டின அரச கல்லறையில ஒரு யாழ் மாதிரி வாத்தியம் கிடைச்சுது, முகப்புல தங்கத்துல காளைத் தலை. அதுக்குக் கீழ சிப்பியில பதிச்ச படத்துல ஒரு கழுதை யாழ் மீட்டுது, ஒரு கரடி அது விழுந்துடாம பிடிச்சுக்கிட்டு நிக்குது, கீழ நரி மாதிரி ஒரு குட்டி கிலுகிலுப்பை ஆட்டுது. சுமார் 4500 வருஷம் பழசு, இப்ப பிலடெல்பியாவுல பென் மியூசியத்துல இருக்கு. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, கழுதை மீட்டுற அந்த யாழுக்கும் காளைத் தலை இருக்கு! எந்த வாத்தியத்து மேல படம் இருக்கோ அதே மாதிரி வாத்தியத்தைத்தான் கழுதை கையில குடுத்திருக்கான் அந்த மனுஷன். எகிப்துலயும் உண்டு, இத்தாலியில டூரின் மியூசியத்துல இருக்கிற 3000 வருஷத்துக்கு மேல பழசான பாப்பிரஸ்ல (கோரைத் தண்டுல செஞ்ச தாள்) கழுதை, சிங்கம், முதலை, குரங்குன்னு ஒரு கச்சேரி கோஷ்டியே இருக்கு.

அவ்ளோ தூரம் எதுக்கு, குதிரை முகத் தும்புரு வீணையோட நிக்கிறதும் நந்தி மிருதங்கம் வாசிக்கிறதும் மாமாவுக்குத் தெரியாதா என்ன. அடுத்த தடவை கோயிலுக்குப் போறப்ப கூட்டிட்டுப் போங்க.

கொக்கு வயலின் வாசிக்கிற மாதிரி வரையணும்னு ஆசை. நம்ம ஸ்டைல்ல சம்மணம் போட்டு உக்கார வைக்க முடியல, கால் ரொம்ப நீளம்.
– வாசகர், கோடியக்கரை

கோடியக்கரையில இருந்துட்டு என்கிட்ட கேக்குறீங்களே! சரி, ஒரு விஷயம். கொக்குக் கால்ல நடுவுல பின்பக்கமா மடங்குதே, நாம முட்டின்னு நெனைக்கிறோம், அது கணுக்கால். நிஜ முட்டி மேல இறகுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. நம்ம வித்வான்கள் வயலினோட சுருள் தலையை வலது கணுக்கால் மேல வெச்சுத்தானே வாசிக்கிறாங்க, கொக்கும் அதே கணுக்கால் மேலதான் வைக்கணும், அது என்னமோ வயலினுக்குன்னே செஞ்ச ஸ்டாண்டு மாதிரி இருக்கும். ஒரு காலை மடக்கி இன்னொண்ணை ஜமக்காளத்தைத் தாண்டி நீட்டி விடுங்க, முன்வரிசையில இருக்கிற தவளை நகந்து உக்காரட்டும்.

ஒன்பது படம் போட்டதும் காய்ச்சல்ல நின்னு போச்சு. இப்ப 17-ம் நாள் ஆயிடுச்சு. விட்டதை எல்லாம் ஒரே ஞாயித்துக்கிழமை வரைஞ்சு முடிச்சிடலாமா?
– வாசகி, சேலம்

வேண்டவே வேண்டாம். நானும் ஒரு வருஷம் அப்படி ஒரே நாள்ல ஆறு படம் போட்டேன், ஆறுலயும் ஒரே பூனை, ஒரே மூஞ்சி, வாத்தியம் மட்டும் வேற. 2009-ல இங்க்டோபர்னு அக்டோபர் பூரா தினம் ஒரு மைப்படம் வரையற சவாலை ஆரம்பிச்ச ஜேக் பார்க்கரே தினமும் முடியலன்னா ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் முடியலன்னா வாரம் ஒண்ணுன்னுதான் சொல்லியிருக்கார். நீங்க இன்னிக்கு பத்தாவது படத்தைப் போடுங்க, காலண்டரை யார் பாக்கப் போறா.

பேனாவுல கோடு போட்டு மேல கலர் அடிச்சா எல்லாம் கலங்குது. காக்காவுக்கு கருப்பு அடிச்சாலும் தார் டப்பா கவுந்த மாதிரி இருக்கு.
– வாசகர், திருநெல்வேலி

மை ஊத்துற பேனான்னா கலங்கத்தான் செய்யும், கடையில வாட்டர்ப்ரூஃப்னு கேட்டு வாங்குங்க, கோடு போட்டு அஞ்சு நிமிஷமாவது காய விடுங்க. காக்காவுக்கு கருப்பு டியூபைத் தொடாதீங்க. அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியென்னாவும் கலந்தா ஆழமான கருப்பு வரும், முதுகுல நீலம் தூக்கலா, வயித்துல பழுப்பு தூக்கலா விடுங்க, கழுத்துகிட்ட கொஞ்சம் சாம்பல். பேப்பர் 300 ஜிஎஸ்எம் (பேப்பரோட கனத்தைச் சொல்ற அளவு) இருந்தா சுருளாது.

எந்த மிருகத்துக்கு எந்த வாத்தியம் பொருந்தும்னு ஒரு லிஸ்ட் குடுங்களேன்.
– வாசகி, சிதம்பரம்

லிஸ்ட் குடுத்தா முப்பது பேரும் ஒரே படம் அனுப்புவீங்க, மாட்டேன். ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும், உடும்பு கையில கஞ்சிராவைக் குடுத்துடாதீங்க. கஞ்சிராவுக்கு காலங்காலமா போட்டது உடும்புத் தோல்தான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல உடும்பு முதல் அட்டவணையில, அதாவது ரொம்பக் கறாரான பாதுகாப்பு இருக்கிற பட்டியல்ல இருக்கு, அதனால இப்பல்லாம் ஆட்டுத் தோல், சிந்தெடிக்னு போயிட்டாங்க. மிருதங்கத்துலயும் ஆடு மாடு தோல்தானே. விஷயம் தெரியாம வரைஞ்சா ஒரு மாதிரி, தெரிஞ்சே வரைஞ்சா வேற மாதிரி. ஒருத்தர் அனுப்பியிருந்த படத்துல ஆடு ஒண்ணு கஞ்சிராவைக் கையில வாங்கி மோந்து பாத்துட்டு இருக்கு, வாசிக்கவே இல்ல. அதைத்தான் என் மேஜைக்கு மேல ஒட்டி வெச்சிருக்கேன்.