மூன்றரைக் கட்டை ஏன் இல்லை? கிதார் கேள்வி பதில்

கிதார் பழகத் தொடங்கியவர்கள் நோட்டுகளின் பெயர்கள், அடிப்படை இசைக் கோட்பாடு பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எந்தக் கிதார் வாங்கலாம், என்ன விலை என்பவற்றை ஒதுக்கிவிட்டேன். அவற்றைக் கடைக்காரரிடம் கேளுங்கள்.

மாஸ்டர், எது முதல் கம்பி? ஆறு கம்பிகளின் பெயர்களையும் எப்படி மனத்தில் நிறுத்துவது?

மெல்லியதுதான் முதல் கம்பி. மடியில் வைத்து வாசிக்கும்போது தரைப்பக்கம் இருப்பது. தடித்தது ஆறாவது. தடித்ததிலிருந்து வரிசையாக ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. மனப்பாட வாக்கியம் எதுவும் தர மாட்டேன். தினமும் ட்யூன் செய்யும்போது ஒவ்வொரு கம்பியின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அது போதும்.

ஃப்ரெட்டுகளில் (கிதார் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டங்களில்) எழுத்து ஸ்டிக்கர் ஒட்டினால் சீக்கிரம் வருமா?

வராது. கண் ஸ்டிக்கரைப் படிக்கும், காது தூங்கும். உரித்த அன்றைக்கு மீண்டும் முதல் பாடம்.

ஊரில் ஒரு பக்திப் பாடல் குழுவுக்கு வாசிக்கிறேன். பாடகர் "இரண்டரைக் கட்டை" என்கிறார். ஆர்மோனியக்காரர் உடனே பிடித்துவிடுகிறார், நான் விழிக்கிறேன். கட்டைக்கும் கிதாருக்கும் என்ன தொடர்பு?

வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கட்டை என்பது ஆர்மோனியத்தின் கட்டை. வெள்ளைக் கட்டைகளுக்கு முழு எண், கறுப்புக் கட்டைகளுக்கு அரை. ஒரு கட்டை சி, ஒன்றரை சி ஷார்ப் (ஷார்ப் என்றால் அடுத்த கட்டைக்கு ஒரு படி மேலே), இரண்டு டி, இரண்டரை டி ஷார்ப், மூன்று ஈ, நான்கு எஃப், நாலரை எஃப் ஷார்ப், ஐந்து ஜி, ஐந்தரை ஜி ஷார்ப், ஆறு ஏ, ஆறரை ஏ ஷார்ப், ஏழு பி. அடுத்து மேல் சி.

மூன்றரைக் கட்டை என்று எந்தப் பாடகராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ஈக்கும் எஃப்புக்கும் நடுவே கறுப்புக் கட்டையே கிடையாது. பிக்கும் சிக்கும் நடுவிலும் அப்படித்தான். கிதாரில் இந்த இரண்டு ஜோடிகளும் அடுத்தடுத்த ஃப்ரெட்டில் உட்கார்ந்திருக்கும். மற்ற எழுத்துகளுக்கு நடுவே ஒரு ஃப்ரெட் விட்டுத் தாண்ட வேண்டும். நோட்டுப் பெயர்களுக்கு இதைவிடப் பெரிய கோட்பாடு இல்லை. ஆறாவது கம்பியில் நீங்களே எண்ணுங்கள்: திறந்த கம்பி ஈ, 1-ல் எஃப், 3-ல் ஜி, 5-ல் ஏ, 7-ல் பி, 8-ல் சி, 10-ல் டி, 12-ல் மீண்டும் ஈ. ஐந்தாவது கம்பியில் திறந்தது ஏ, 2-ல் பி, 3-ல் சி, 5-ல் டி, 7-ல் ஈ, 8-ல் எஃப், 10-ல் ஜி.

இனி உங்கள் இரண்டரை. 3-வது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்தும் கிளிப்) மாட்டி சி மேஜரின் கார்ட் வடிவங்களை, அதாவது பல கம்பிகள் சேர்ந்து ஒலிக்கும் பிடிகளை, பிடியுங்கள். அல்லது 1-வது ஃப்ரெட்டில் மாட்டி டி வடிவங்களை. ஐந்தரையில் பாடும் பெண் குரலுக்கு 1-ல் கேப்போ, ஜி வடிவங்கள். ஆர்மோனியக்காரருக்கு முன்பே நீங்கள் தயாராகிவிடலாம்.

மற்ற கம்பிகளையும் இப்படியே எண்ணி மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். ஆறும் ஐந்தும் வந்துவிட்டால் அவற்றிலிருந்து மெல்லிய பக்கமாக இரண்டு கம்பி தள்ளி, இரண்டு ஃப்ரெட் மேலே (கிதாரின் உடல் பக்கம்) போனால் அதே எழுத்து, ஒரு ஸ்தாயி உயரத்தில். நான்காவது, மூன்றாவது கம்பிகளிலிருந்து போகும்போது மட்டும் மூன்று ஃப்ரெட். ஜிக்கும் பிக்கும் உள்ள தூரம் மற்ற கம்பிகளைப்போல ஐந்து ஃப்ரெட் இல்லை, நான்குதான். அந்தக் குறையை அங்கே ஈடுகட்டுகிறோம். முதல் கம்பிக்குப் புதிதாக எதுவும் வேண்டாம், ஆறாவதேதான். பெயரைச் சொல்லிக்கொண்டே வாசியுங்கள்.

ஒரு கட்டை சி என்றால், ச என்பதும் சிதானே? எங்கள் ஆர்மோனிய வகுப்பில் பலகையில் அப்படித்தான் எழுதிப்போட்டார்கள்.

அந்த வகுப்பில் எல்லோரும் ஒரு கட்டையில் பாடியிருப்பார்கள். அதனால் அன்றைக்கு அது சரி. கட்டை நகராது, ச நகரும். இரண்டு கட்டைக்காரருக்கு ச டியில் இருக்கிறது, ஐந்து கட்டைக்காரருக்கு ஜியில். வயலின்காரர் பாடகரின் சுருதிக்குத் தம் கம்பிகளை மாற்றிக்கொள்வது இதனால்தான்.

மறுக்கிறேன் ஐயா. இத்தாலியில் டோ என்றால் சிதான், எந்தச் சுருதியிலும். ச நம்முடைய டோ. ஆகவே ச சிதான்.

முதல் பாதி உண்மை. இத்தாலியிலும் பிரான்ஸிலும் டோ, ரே, மி ஆகியவை எழுத்துகளின் இடத்தில் நிற்கின்றன; நகர்வதில்லை. "ச நம்முடைய டோ" என்பதில்தான் வழுக்குகிறீர்கள். நம் ச, பாடுகிறவர் ஊன்றும் இடம். உங்கள் கணக்குப்படி ஐந்தரைக் கட்டையில் பாடும் அம்மையார் சவையே தொடாமல் கச்சேரியை முடித்துவிடுவார்.

ச எங்கே இருந்தால் என்ன? 12 ஃப்ரெட்டுக்குள் 22 சுருதிகளை, அதாவது ஒரு ஸ்தாயியின் நுண்ணிய ஸ்வர இடங்களை, எப்படி அடைப்பீர்கள்? கிதாரில் நம் ராகங்களை வாசிப்பதே தவறு.

எதிர்பார்த்தேன். பாதி சரியாகச் சொல்கிறீர்கள், அதனால் பதில் நீளும்.

ஃப்ரெட்டுகள் சம விகிதத்தில் பதிக்கப்பட்டவை. ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அதிர்வெண் ஏறத்தாழ 1.0595 மடங்காகிறது, 12 முறை பெருக்கினால் இரண்டு மடங்கு. ஐந்தாவது கம்பி திறந்தால் 110 ஹெர்ட்ஸ், 12-ல் 220. இந்தச் சமரசத்துக்கு ஒரு விலை உண்டு. ஒரு ஃப்ரெட்டை 100 சென்ட் என்று வைத்துக்கொண்டால், தம்புராவின் ரீங்காரத்தில் தானாக எழும் அந்தர காந்தாரம் (சவுக்கு நான்கு ஃப்ரெட் மேலே உள்ள க) கிதாரின் காந்தாரத்தைவிடச் சுமார் 14 சென்ட் தாழ்ந்தது. பஞ்சமத்தில் (ப) வித்தியாசம் 2 சென்ட்தான். நல்ல காது காந்தாரத்தைக் கண்டுபிடித்துவிடும்.

ஆனால் வீணையிலும் மெட்டுகள் (வீணையின் ஃப்ரெட்டுகள்) மெழுகில் பதிந்து அசையாமல்தான் நிற்கின்றன, மொத்தம் 24. கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, கம்பியை இழுப்பதில் பிறக்கிறது. கிதாரிலும் இழுக்கலாம். சுகுமார் பிரசாத், பிரசன்னா ஆகியோர் கிதாரில் கர்நாடக இசை வாசித்ததைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அந்த 14 சென்ட்டைத் தொடக்கக்காரரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஜி கார்ட் காதுக்கு இனிக்கும்வரை பி கம்பியைத் தளர்த்துகிறீர்கள். அடுத்து ஈ கார்ட் பிடித்தால் கசக்கிறது. கிதார் பழுதில்லை. ஜிக்குப் பி காந்தாரம், ஈக்கு அதே பி பஞ்சமம். காந்தாரத்துக்காக இறக்கியது பஞ்சமத்தைக் கெடுத்துவிட்டது. ட்யூனர் சொல்லும் இடத்தில் விட்டுவிடுங்கள்.

22 சுருதி பற்றி நான் கேட்டதற்கு இன்னும்...

வேறு இடத்தில் பேசுவோம். இங்கே இன்னும் எஃப் எங்கே இருக்கிறது என்று தேடுபவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஏ ஷார்ப்பும் பி ஃபிளாட்டும் ஒரே ஃப்ரெட். பிறகு எதற்கு இரண்டு பெயர்?

ஷார்ப் என்றால் ஒரு ஃப்ரெட் மேலே, ஃபிளாட் என்றால் ஒரு ஃப்ரெட் கீழே. எஃப் மேஜரை எழுதிப் பாருங்கள்: எஃப், ஜி, ஏ, பி ஃபிளாட், சி, டி, ஈ. ஏழு எழுத்தும் ஒவ்வொரு முறை வந்துவிட்டன. பி ஃபிளாட்டுக்குப் பதிலாக ஏ ஷார்ப் என்று எழுதினால் ஏ இருமுறை வரும், பி காணாமல் போகும். நம்மவர்களும் இதையே செய்தார்கள்: 12 இடங்களுக்கு 16 பெயர்கள். சதுச்ருதி ரிஷபமும் சுத்த காந்தாரமும் ஒரே இடம்தான். கனகாங்கி ராகத்தில் ரி ஏற்கெனவே வந்துவிட்டதால் அங்கே அந்த இடத்துக்குக் காந்தாரம் என்று பெயர்.

தியரி தெரியாமல் வாசிக்க முடியாதா?

முடியும். பலர் வாசிக்கிறார்கள்.

சார், தியரி அவசியமா?

மேலே பாருங்கள்.

எஃப் கார்ட் சரியாக ஒலிக்கவில்லை, விரல் வலிக்கிறது.

அது விரல் பிரச்சினை. நேரில் ஓர் ஆசிரியரிடம் கையைக் காட்டுங்கள்.

ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் வேண்டாம், 3, 5, 7-ல் மட்டும் சின்ன ஸ்டிக்கர்?

அந்த இடங்களில் புள்ளி ஏற்கெனவே இருக்கும். கிளாசிக்கல் கிதாரில் இல்லையென்றால் விரலால் எண்ணுங்கள். ஸ்டிக்கர் வேண்டாம்.

சின்ன வயதில் சரளி வரிசை பாடியிருக்கிறேன். அதைக் கிதாரில் எங்கிருந்து தொடங்குவது?

ஐந்தாவது கம்பி ஒன்றே போதும். 3-வது ஃப்ரெட்டில் உள்ள சியை ச என்று வையுங்கள். சரளி வரிசையின் ராகமான மாயாமாளவகௌளை 3, 4, 7, 8, 10, 11, 14, 15-ல் வரும். வாய் ஸ்வரம் பாடட்டும். இரண்டாம் சுற்றில் அதே இடங்களுக்கு எழுத்துப் பெயர் சொல்லுங்கள்: சி, டி ஃபிளாட், ஈ, எஃப், ஜி, ஏ ஃபிளாட், பி, சி. பிறகு ரியையும் தவையும் ஒவ்வொரு ஃப்ரெட் மேலே தள்ளினால், அதாவது 4-ஐ 5 ஆகவும் 11-ஐ 12 ஆகவும் மாற்றினால், சங்கராபரணம். அதுதான் சி மேஜர். 15-வது ஃப்ரெட் எட்டவில்லையென்றால் நான்காவது கம்பியின் 10-ல் அதே சி கிடைக்கும்.