யோகாயா, யூரேயா? காலுள்ள பேய் பற்றி

ஜப்பானின் எடோ காலத்தில் (1603–1868) நடக்கும் உங்கள் கதையில், கணவன் கொன்ற பெண் பேயாகத் திரும்பி வருகிறாள். அவளை 'யோகாய்' என்று எழுதியதும், கால் வைத்ததும் தப்பு என்கிறார் உங்கள் நண்பர். இதுதானே சிக்கல்?

முதலாவதில் நண்பர் சொல்வது சரி. செத்தவர் தீராத வஞ்சத்தோடு வந்தால் அது யூரேய். ஆற்றில் ஆளை இழுக்கும் கப்பா, உருமாறும் நரி எல்லாம் யோகாய்.

கால் விஷயத்தில் அவ்வளவு கறார் வேண்டாம். காலில்லாத பேயை ஓவியர் மாருயாமா ஓக்யோதான் (1733–1795) தொடங்கிவைத்தார் என்பார்கள். (நம் ஊர்ப் பேய்க்கும் கால் கிடையாது என்பதால் நண்பருக்கு உடனே உறுத்தியிருக்கும்.) ஆனால் கதைசொல்லி சான்யூதேய் என்ச்சோவின் 'போத்தான் தோரோ'வில் பேய்ப்பெண் மரச்செருப்பு போட்டுக்கொண்டு, 'கரான் கொரோன்' என்று சத்தம் கேட்கத்தான் வருகிறாள். எனக்கு அதுதான் பிடிக்கும். முகத்தைக் காட்டுவதற்கு முன் அந்தச் சத்தத்தை நாலு வரி ஓடவிடுங்கள்.

அப்புறம், நண்பர் கவனிக்காத ஒன்று. முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து உடுத்தும் அங்கியான கிமோனோவின் இடப்பக்கம் மேலே இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது உயிரோடு இருப்பவர்கள் உடுத்தும் விதம். பிணத்துக்கு வலப்பக்கம்தான் மேலே வரும். கதவைத் திறக்கும் கணவன் கண்ணில் முதலில் அந்த மடிப்பு படட்டும்; வசனமே தேவைப்படாது.

உங்கள் கதை நடக்கும் பனிக்காலத்தையும் மாற்றிவிடலாம். பனியில் வரும் யுகி-ஒன்னா (பனிப்பெண்) தனிக் கதை. மற்றபடி ஜப்பானில் பேய்க்கதைக்குப் பருவம் கோடைதான், முன்னோர் வீடு திரும்பும் ஓபோன் பண்டிகைச் சமயம். நேரம், இரவு 2 மணியிலிருந்து இரண்டரைக்குள்.